அத்தை வீட்டு நான்கு ஆண்டுகள்: எட்டயபுரத்துச் சுப்பையாவின் வளரிளம் பருவம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்தாம் வயதில் தாயை இழந்தவன். ஏழாம் வயதில் சிற்றன்னை வீட்டுக்கு வரக் கண்டவன். பதினோராம் வயதில் படிப்புக்காக வெளியூர் அனுப்பப்பட்டவன். பதினான்காம் வயதில் ஏழு வயதுச் சிறுமிக்குக் கணவனாக்கப்பட்டவன். பதினைந்தரை வயதில் தந்தையையும் அவர் ஈட்டிய செல்வத்தையும் ஒருசேரப் பறிகொடுத்தவன். 1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்து, வீட்டாரால் சுப்பையா என்று அழைக்கப்பட்ட இந்தப் பையன் பின்னாளில் மகாகவி பாரதியாக அறியப்பட்டான் என்பதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, குடும்பம் அடுத்தடுத்துக் குலைந்தபோது அவன் எவ்வாறு தாக்குப்பிடித்தான் என்னும் ஒரு கேள்வியோடு மட்டும் அவனது இளமையைப் படித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். ஆகவே இங்கே 'அவர்' என்னும் மரியாதைப் பன்மையைத் தவிர்த்து, பையனைப் பற்றிப் பேசும்போது 'அவன்' என்றே எழுதுகிறேன்.

அவனது காசி வாழ்க்கையைத் தேசிய உணர்வின் விளைநிலமாகக் காண்பது வரலாற்று நூல்களின் வழக்கம். நான் அதை வேறொரு கோணத்தில் பார்க்க விரும்புகிறேன். தந்தை இறந்த அன்று முறைப்படி குடும்பத் தலைவனாகியிருக்க வேண்டிய ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு, அந்தப் பொறுப்பை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட இடம் கொடுத்தது அத்தையின் வீடு. அவன் பிழைத்தது அந்த அவகாசத்தால்தான் என்பது என் கருத்து. அந்த அவகாசத்துக்கு ஒரு விலை இருந்தது. அதை வேறு சிலர் செலுத்தினார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

சான்றுகளைப் பற்றி

இந்த நிகழ்வுக்கு மருத்துவக் குறிப்போ பள்ளி ஆலோசகரின் பதிவேடோ கிடையாது. முதன்மையான சான்று, புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தபோது அவனே எழுதி 1910ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்றுக் கவிதை. அடுத்ததாக, அவன் மனைவி செல்லம்மா பின்னாளில் சொல்லிப் பதிவான நினைவுகளும், உறவினரும் நண்பரும் சொல்லிவந்த செய்திகளும், அவன் எழுதிய சில கடிதங்களும் உள்ளன.

தன்வரலாற்றுக் கவிதையை எழுதியபோது அவனுக்கு வயது இருபத்தேழு. ஆங்கில அரசின் கண்காணிப்பில், வருமானம் நிலையில்லாமல், மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் வாழ்ந்துகொண்டிருந்தான். எனவே தன் பள்ளிப் பருவத்தைப் பற்றிய அவனது கசப்பில் அந்தக் காலத்து அரசியல் கசப்பும் கலந்திருக்கும் என்பதை மறக்கலாகாது. கவிதையில் உள்ள ஒரு சிறு முரண் இன்னும் சுவையானது. தனக்குப் பன்னிரண்டு வயதில் தந்தை மணம் செய்துவைத்ததாக அவன் பாடுகிறான். வாழ்க்கைக் குறிப்புகளின்படி திருமணம் நடந்த 1897 ஜூன் மாதத்தில் அவனுக்குப் பதினான்கு வயது நிறைந்திருந்தது. யாப்புக்காக எண் மாறியிருக்கலாம். ஆனால் ஒருவன் தன் விருப்பமில்லாமல் நடந்த ஒன்றை நினைவுகூரும்போது, அப்போதைய தன்னை உள்ளதைவிடச் சிறியவனாகவே நினைவில் காண்பது இயல்பென்று எனக்குத் தோன்றுகிறது. கவிதையை ஆவணமாகப் படிக்கிறவர்கள் இத்தகைய இடங்களில் அவசரப்பட்டுத் திருத்தாமல் சற்று நின்று பார்ப்பது நல்லது.

தாய் இல்லாத வீடு

தந்தை சின்னச்சாமி ஐயர் எட்டயபுரம் ஜமீன் அரண்மனையோடு நெருக்கம் உடையவர்; கணக்கிலும் மேனாட்டு இயந்திரங்களிலும் ஈடுபாடு கொண்டவர்; கரிசல் நிலத்துப் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் பஞ்சாலை நிறுவியவர். அக்கால வைதிகக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் இயந்திரத் தொழிலில் இறங்குவது அரிய செயல். மகனும் தன் வழியில் கணக்கும் ஆங்கிலமும் கற்று முன்னேற வேண்டும் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. தாய் இலக்குமி அம்மாள் 1887ஆம் ஆண்டில் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தந்தை வள்ளியம்மாளை மணந்தார். அதே ஆண்டில் பையனுக்குப் பூணூல் கலியாணமும் நடந்தது.

ஐந்து வயதுக் குழந்தையைத் தவிக்கவிட்டு வானுலகு சென்ற தாய் என்று அவன் பிற்காலத்தில் பாடியிருக்கிறான். தாயைப் பற்றிய குறிப்பு அந்தக் கவிதையில் சில சொற்களோடு முடிந்துவிடுகிறது. மாறாக, விளையாட்டு மறுக்கப்பட்டதைப் பற்றிய ஏக்கம் விரிவாக இடம்பெறுகிறது. தன்னொத்த சிறுவர்கள் ஆடியும் ஓடியும், ஆற்றிலும் குட்டையிலும் நீந்தியும், மரங்களில் ஏறி இறங்கியும் மகிழ்ந்திருந்தபோது, தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தான் தெரு விளையாட்டு எதிலும் சேராமல், நூல்களோடு தனியனாய், வேறு தோழமை இல்லாமல் வருந்தியதாக அவன் சொல்கிறான். தாயின் மரணத்தை ஊரார் கூடிப் பேசினார்கள், சடங்குகள் செய்தார்கள், பாட்டி வீட்டார் அணைத்துக்கொண்டார்கள். தோழர் இல்லாத தனிமையை யாரும் இழப்பாகக் கருதியிருக்க மாட்டார்கள். பிள்ளை படிக்கிறான் என்றே பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். அதனாலேயே அது இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆறாமல் நின்றது போலும்.

சிற்றன்னையைப் பற்றி ஒரு சொல். மாற்றாந்தாய்க் கொடுமை என்பது நம் நாட்டுக் கதைகளில் ஊறிப்போன ஒன்று. ஒரு கவிஞனின் இளமைத் துயரத்தை விளக்க அது வசதியான சாவியாகவும் இருந்திருக்கும். அந்தச் சாவியை அவன் எங்கும் கையில் எடுக்கவில்லை. அவன் கவிதையில் சிற்றன்னை மீது குற்றச்சாட்டு இல்லை. குடும்ப அமைப்பு மாறியது. அந்த மாற்றத்துக்குரிய ஆளைப் பகையாக்கிக்கொள்ளும் எளிய வழியில் அவன் செல்லவில்லை. அவனது மனத்தாங்கல் முழுவதும் தந்தையின் கட்டளைகள் மீதே இருந்தது. அந்தத் தந்தையிடமே அவனுக்கு அன்பும் அச்சமும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன.

அவன் கண்டுபிடித்த முதல் தப்பும் வழி சொல். தந்தை கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, கணக்கு என்ற சொல்லுக்கு எதுகையாகப் பிணக்கு, வணக்கு, மணக்கு, ஆமணக்கு என்று பையன் அடுக்கிக்கொண்டே போனதாகக் குடும்பத்தார் சொல்லும் கதை பலருக்கும் தெரிந்தது. சிரித்துவிட்டுப் போகும் இக்கதைக்குள் ஒரு பிணக்கு இருக்கிறது. தந்தையின் உலகத்துப் பொருளை மறுக்கும் துணிவு அவனுக்கு இல்லை. அதன் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் முன்னிலையிலேயே தன் உலகத்துக்குள் நழுவிவிடுகிறான். 1893ஆம் ஆண்டில், பதினொரு வயது நிரம்பும் காலத்தில், எட்டயபுரத்துப் புலவர் அவையில் பாரதி என்ற பட்டம் கிடைத்தபோது, அந்த நழுவலுக்குப் பெரியவர்களின் அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. வீட்டில் கிடைக்காத தோழமையை அரண்மனைப் புலவர்களிடம் அவன் பெற்றான். அவர்கள் எல்லாரும் அவனைவிட வயதில் மிக மூத்தவர்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

திருநெல்வேலி, பிறகு திருமணம்

1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் அவன் படித்தான். அந்த ஆண்டுகளைப் பற்றி அவன் சொல்வதை இன்றைய ஆலோசகர் ஒருவர் கேட்டிருந்தால் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டிருப்பார். உடல் அயர்ந்தது, கண்கள் குழிவிழுந்தன, ஊக்கம் போயிற்று, உள்ளம் நொய்ந்துபோயிற்று, ஐயம் மிகுந்தது, தன்னுரிமை நீங்கியது, அறிவு கடலில் அகப்பட்ட துரும்பாக அலைந்தது என்று அவன் அடுக்குகிறான். இதை ஆங்கிலக் கல்வியின் மீதான கண்டனமாகவே நாம் இதுவரை படித்து வந்திருக்கிறோம். அவன் எழுதியதும் அந்த நோக்கத்தோடுதான். சிங்கக் குட்டியைப் புல் தின்னச் சொன்னதற்கு ஒப்பாகத் தன்னை அந்தப் படிப்புக்கு அனுப்பியதை அவன் பாடுகிறான். ஆனால் பாடத்திட்டத்தைக் கண்டிப்பதற்கு உடல் இளைத்ததையும் கண் குழிந்ததையும் சொல்லவேண்டிய தேவை இல்லை. தாயில்லாத பிள்ளை, தந்தையின் அருகிலிருந்தும் அரண்மனைப் புலவர்களின் அருகிலிருந்தும் ஒரே நாளில் விலக்கப்பட்டு, தான் விரும்பாத ஒன்றை அன்னிய ஊரில் கற்க வைக்கப்பட்டபோது அடைந்த மனச்சோர்வின் விவரிப்பாகவும் அந்த வரிகள் நிற்கின்றன. இதற்கு நோய்ப்பெயர் சூட்ட நான் முற்படவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவனுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதால் அவனுக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை.

இந்தக் காலத்தின் கடைசிப் பகுதியில் தந்தையின் தொழில் சரியத் தொடங்கியது. 1897 ஜனவரியில், பதினான்கு வயதில், தன் படிப்புக்குப் பொருளுதவி வேண்டி எட்டயபுரம் ஜமீன்தாருக்கு அவன் செய்யுளில் ஒரு விண்ணப்பம் எழுதினான். எந்தப் படிப்பினால் தனக்குத் தீமையே மிகுந்தது என்று பின்னாளில் சபித்தானோ அதே படிப்பைத் தொடர்வதற்காகவே இந்த விண்ணப்பம். இதை முரண் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் பணம் தீர்ந்துவருவதை அறிந்த மூத்த பிள்ளை, விரும்பாத பள்ளியையும் இழக்கக் கூடாத ஒன்றாகப் பிடித்துக்கொள்வது இன்றும் நாம் காணும் காட்சிதான். மேலும், அதுவரை தனிமையை மறக்க உதவிய செய்யுள் இங்கே முதன்முறையாகக் குடும்பக் கவலையைச் சுமக்கிறது. பெரியவர்கள் செய்ய வேண்டிய விண்ணப்பத்தைப் பிள்ளை தன்னிடம் இருந்த ஒரே கருவியைக் கொண்டு செய்கிறான்.

ஐந்து மாதங்கள் கழித்துத் திருமணம். மணமகள் கடையத்துச் செல்லம்மா, வயது ஏழு. 1891ஆம் ஆண்டின் வயதுச் சம்மதச் சட்டம் பெண்களுக்கான உடலுறவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியிருந்ததே தவிர, திருமண வயதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; அதற்குச் சாரதா சட்டம் வரும் 1929 வரை நாடு காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே இது அக்காலத்தில் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் உட்பட்ட திருமணம். பையனின் உள்ளத்தில் வேறொரு சிறுமி இருந்தாள் என்பதும், பத்து வயதில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியிடம் கொண்ட ஈடுபாட்டை அவன் வணக்கத்துக்குரிய ஒன்றாகவே போற்றிவைத்திருந்தான் என்பதும் கவிதையால் தெரிகிறது. தந்தை செய்வதில் தீங்கு உண்டென்று அறிந்தும் எதிர்க்கும் திறன் தனக்கு இல்லாமல் போயிற்று என்று அவன் ஒப்புக்கொள்ளும் இடம், அவன் எழுதியவற்றுள் மிக வெளிப்படையான இடங்களில் ஒன்று.

அதே திருமணத்தைச் செல்லம்மா வேறு விதமாக நினைவுகூர்ந்திருக்கிறார். மாப்பிள்ளைப் பையன் எல்லார் முன்னிலையிலும் தன்னைப் பார்த்துக் காதல் பாட்டுப் பாடியதாகவும், தான் வெட்கத்தால் குன்றிப்போனதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். எதிர்க்கத் திறனற்றவன் என்று தன்னை எண்ணிக்கொண்டிருந்தவன், கலியாணப் பந்தலில் பார்ப்பவர்களுக்குக் குறும்புக்காரனாகத் தோன்றியிருக்கிறான். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளோடு பழகிய எவரும் இந்த இரண்டு வருணனைகளில் ஒன்றைப் பொய்யென்று தள்ளமாட்டார்கள்.

1898

பஞ்சாலை நொடித்தது. அந்தக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் பருத்தியை நோக்கி ஐரோப்பிய முதலீடு பெருகிக்கொண்டிருந்தது. ஹார்வி சகோதரர்களின் நூற்பாலைகள் 1880களிலேயே பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் வேரூன்றத் தொடங்கியிருந்தன. அன்னியரின் சூழ்ச்சியால் தந்தை தம் பெருஞ்செல்வத்தை இழந்தார் என்பது மகன் பின்னாளில் பாடிய விளக்கம். வணிகக் காரணங்களின் நுட்பம் எதுவாக இருந்தாலும், பதினைந்து வயதுப் பையனின் கண்முன் நடந்தது தெளிவானது: வீட்டின் தூணாக இருந்த மனிதர் வறுமையால் மனமுடைந்து தளர்ந்து, 1898 ஜூன் மாதத்தில் இறந்தார்.

அடுத்து நின்ற நிலையை அவனே சொல்கிறான். தந்தை போய்விட்டார், வறுமை சூழ்ந்துகொண்டது, அஞ்சாதே என்று சொல்ல உலகில் ஒருவரும் இல்லை, சிந்தையில் தெளிவில்லை, உடலில் திறனில்லை, எந்த வழியும் தோன்றவில்லை, இந்தத் துயர நாட்டில் ஏன் பிறந்தேன் என்று கேட்கிறான். கடைசிக் கேள்வியைக் கவிதை மரபின் புலம்பலாக விட்டுவிடலாம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் இன்று நம் எதிரில் அமர்ந்து, ஏன் பிறந்தேன் என்று தெரியவில்லை என்று சொன்னால், அதற்கு மேல் நாம் கேட்டாக வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. அப்படிக் கேட்பதற்கு அவனைச் சுற்றி யாரும் இல்லை என்பதைத்தான், அஞ்சேல் என்பார் இல்லை என்ற பொருளில் அவனே முன்வரியில் சொல்லியிருக்கிறான்.

மரபுப்படி அவன் இனிச் செய்ய வேண்டியது என்ன என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது. மூத்த மகன். கொள்ளி வைக்கும் கடமை அவனுடையது. சிற்றன்னையும் அவர் பெற்ற சிறு பிள்ளைகளும் அவன் பொறுப்பு. கடையத்தில் இருக்கும் மனைவி வயதுக்கு வந்ததும் அவளை அழைத்துவந்து குடித்தனம் நடத்துவதும் அவன் பொறுப்பு. படிப்பை விட்டுவிட்டு ஜமீனில் ஒரு சிறு எழுத்து வேலையைத் தேடிக்கொள்வதே ஊரார் எதிர்பார்க்கக்கூடியதாக இருந்திருக்கும். அவன் அதே வேலையை நோக்கி நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்தான் என்பதை நினைவில் கொண்டால், இடையில் நடந்ததன் அருமை விளங்கும்.

காசி

தந்தையின் சகோதரி குப்பம்மாள் காசியில் இருந்தார். அவர் கணவர் கிருஷ்ணசிவன், கங்கைக் கரையில் தென்னாட்டார் மிகுந்து வாழும் அனுமன் கட்டத்தில் சிவமடம் ஒன்றை நடத்திவந்தார். அத்தையின் ஆதரவில் சுப்பையா அங்கே போய்ச் சேர்ந்தான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. புதிய மொழி, புதிய உணவு, எலும்பில் குத்தும் குளிர்காலம். குடும்பம் குலைந்த பிள்ளையை வேரோடு பிடுங்கி இவ்வளவு தூரம் கொண்டுபோவது நல்லதா என்று இன்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். பழகிய பள்ளியையும் ஊரையும் மாற்றாமல் இருப்பதே நல்லது என்பது பொதுவான அறிவுரை, அது பெரும்பாலும் சரியும்கூட. இந்தப் பையனுக்கு எட்டயபுரத்தில் மிஞ்சியிருந்தவை கடன்காரரின் பேச்சும் தந்தையின் மூடிய ஆலையும்தாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தூரம் அவனுக்கு அந்தப் பார்வைகளிலிருந்து விடுதலை தந்தது.

அத்தை வீட்டில் அவனுக்குச் சோறும் படுக்க இடமும் படிப்பும் கிடைத்தன. ஜெயநாராயண் கல்லூரியிலும் மிஷன் கல்லூரியிலும் பயின்றான். வடமொழியும் இந்தியும் கற்றான். அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல் வகுப்பில் தேறினான். திருநெல்வேலியில் கண் குழிந்து துரும்பாய் அலைந்ததாகச் சொன்ன அதே மாணவன் இவன். பாடம் மாறிவிடவில்லை, இங்கும் ஆங்கிலக் கல்விதான். மாறியது வீடு. மடத்துக்கு வருவோரும் போவோரும், மாலையில் கட்டத்துப் படிகளில் நண்பர்களோடு பேச்சும், யாரும் மணி பார்த்துக் கணக்குக் கேட்காத தெருக்களும் அவனுக்கு வாய்த்தன. எட்டு வயதில் மறுக்கப்பட்ட தெரு விளையாட்டைப் பதினாறு வயதில் வேறு வடிவத்தில் அவன் ஆடித் தீர்த்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவன் தலையில் கை வைத்ததும் இங்கேதான். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டான், மீசை வளர்த்தான், தலைப்பாகை கட்டினான். சிவமடத்து வீட்டில், வைதிக ஒழுக்கத்தைக் கண்ணாகக் காப்பவரின் மருமான் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணசிவன் கடுங்கோபம் கொண்டு, தம்மோடு பந்தியில் அமர்ந்து உண்ண அவனுக்கு இடமில்லை என்று ஒதுக்கிவைத்ததாகவும், அத்தை இருவருக்கும் நடுவில் நின்று அவனுக்குத் தனியே சோறிட்டுக் காத்ததாகவும் செய்தி உண்டு. பிறகு ஒரு திருவாதிரை நாளில் மடத்தில் திருவெம்பாவை பாட வேண்டிய ஓதுவார் வராமற்போக, பூசை நின்றுவிடும் நிலையில், சுப்பையாவைப் பாடச் சொல்லலாமே என்று அத்தை எடுத்துக்கொடுக்க, அவன் பாடியதைக் கேட்டு மாமா உருகி அவனை மறுபடியும் சேர்த்துக்கொண்டார் என்று அந்தச் செய்தி முடிகிறது. செவிவழியாக வந்த எல்லாக் கதைகளையும் போல இதுவும் வழியில் கொஞ்சம் மெருகேறியிருக்கும். எனினும் வளரிளம் பருவத்தானை ஏற்றுக்கொண்ட வீடுகளில் நடப்பதன் சுருக்கம் இதில் அப்படியே இருக்கிறது: பிள்ளை வீட்டின் விதியை மீறிப் பார்க்கிறான், வீடு அவனைத் தண்டிக்கிறது, ஆனால் வெளியே தள்ளவில்லை, பின்னர் அவனால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று அந்த வீட்டுக்குத் தேவைப்படும் நாள் வருகிறது. தந்தையை எதிர்க்கத் திறனில்லாதிருந்தவன் மாமாவை எதிர்த்தான். எதிர்த்த பின்பும் மறுவேளைச் சோறு உண்டு என்ற உறுதி இருந்ததால்தான் அந்தத் துணிவு வந்தது. அந்த உறுதிக்குப் பெயர் குப்பம்மாள்.

இந்தக் காலத்தை விளக்க மனவியலாளர் எரிக் எரிக்சன் பயன்படுத்திய ஒரு சொல் பொருத்தமாக இருக்கிறது. வளரிளம் பருவத்தார் முழுப் பொறுப்புகளை ஏற்கும் முன், தாங்கள் யார் என்று சோதித்துப் பார்க்கச் சமூகம் அனுமதிக்கும் இடைக்காலத்தை அவர் 'மொரட்டோரியம்' என்றார். 2020ஆம் ஆண்டில் கொரோனா முடக்கத்தின்போது வங்கிக் கடன் தவணைகளை ஒத்திவைத்தபோது செய்தித்தாள்களில் நாம் படித்த அதே சொல்தான். எரிக்சனும் பெற்ற தந்தை யாரென்று அறியாமல், தாயின் மறுமணத்தால் வந்த வளர்ப்புத் தந்தையின் வீட்டில் வளர்ந்தவர்; இளமையில் சில ஆண்டுகள் ஓவியம் தீட்டிக்கொண்டு ஐரோப்பாவில் அலைந்தவர். தம் அனுபவத்திலிருந்தே அவர் அந்தக் கருத்தை அடைந்தார் என்று சொல்வது மிகையாகாது. கடன் ஒத்திவைப்பு என்ற உவமையில் நான் காணும் பொருத்தம் வேறு: ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வட்டி கட்டியவர்கள்

அந்த நான்கு ஆண்டுகளில் வள்ளியம்மாள் சிறு பிள்ளைகளோடு கைம்பெண்ணாக வாழ்ந்தார். மகாகவியின் வரலாற்றைச் சொல்லும் நூல்களில் அவருக்குக் கிடைக்கும் இடம் ஓரிரு வாக்கியங்கள். அவர் மணமாகி வந்தபோதே மூத்தாளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கணவர் இறந்தபோது அந்தப் பிள்ளை தோள்கொடுக்கும் வயதை எட்டிக்கொண்டிருந்தான். அப்போது அவன் காசிக்குப் போனான். குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. ஒரு குடும்பம் குலையும்போது யாரேனும் ஒருவருக்கு அவகாசம் கிடைத்தால், அதே வீட்டில் இன்னொருவர் உரிய காலத்துக்கு முன்பே சுமை தூக்கிக்கொண்டிருப்பார் என்பதை எந்த நிகழ்வு ஆய்வும் விட்டுவிடக் கூடாது.

மற்றவர் செல்லம்மா. காசிக்குப் போன மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் கவலையான பேச்சுகள் எழுந்து, அச்சிறுமி அஞ்சிக் கடிதம் எழுதியிருக்கிறாள். 1901ஆம் ஆண்டில் அனுமன் கட்டத்திலிருந்து அவன் எழுதிய பதில் கிடைக்கிறது. நீ பயப்படும்படியாக நான் ஒன்றும் செய்துவிடவில்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டு, இப்படிக் கவலைப்படும் நேரங்களில் தமிழை நன்றாகப் படித்து வந்தால் மகிழ்வேன் என்று அறிவுரை சொல்கிறான். எழுதியவனுக்குப் பதினெட்டு; படித்தவளுக்குப் பதினொன்று. தன் துயரத்துக்குத் தான் கண்ட மருந்தையே அவளுக்கும் எழுதிக்கொடுக்கிறான் என்பதில் அவனது அன்பு தெரிகிறது. அவளது கவலை அவனைப் பற்றியது. அதற்கு விடை அவன் ஊர் திரும்புவதே தவிரத் தமிழ் படிப்பது அன்று என்பது அவனுக்கு எட்டவில்லை என்பதும் தெரிகிறது.

திரும்பிய பின்

1902ஆம் ஆண்டளவில் ஜமீன்தாரின் அழைப்பை ஏற்று அவன் எட்டயபுரம் திரும்பினான். அரண்மனைப் பணி நிலைக்கவில்லை. 1904 ஜூலையில் மதுரை விவேகபானு இதழில் அவன் பாட்டு முதன்முதலாக அச்சேறியது; அதன் தலைப்பு 'தனிமை இரக்கம்'. அடுத்த மாதம் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியனாகச் சேர்ந்து, மாதம் பதினேழரை ரூபாய்ச் சம்பளத்தில் நவம்பர் வரை பணியாற்றிவிட்டு, சுதேசமித்திரன் இதழில் சேரச் சென்னை புறப்பட்டான். மூத்த மகள் தங்கம்மாள் பிறந்ததும் அந்த ஆண்டில்தான். ஒத்திவைத்த குடும்பப் பொறுப்பு அனைத்தும் இருபத்திரண்டு வயது நிறைவதற்குள் அவனிடம் வந்து சேர்ந்துவிட்டது. அதை அவன் எவ்வளவு செம்மையாகச் சுமந்தான் என்பது வேறு ஆய்வுக்குரியது. செல்லம்மாவின் நினைவுகளைப் படித்தவர்களுக்கு அந்தச் சுமை யார் தலையில் மிகுதியாக இறங்கியது என்று தெரியும்.

சக்தியைத் தாயாகவும் கண்ணனைத் தாயாய்த் தந்தையாய்ச் சேவகனாய்க் குழந்தையாயும் அவன் பாடியவற்றை, இழந்த உறவுகளை ஒவ்வொன்றாக மீட்டெடுக்கும் முயற்சியாகக் காட்டும் ஆசை இந்த இடத்தில் எழுவது இயல்பு. நான் அதை அடக்கிக்கொள்கிறேன். அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் ஆழ்வார்களின் நீண்ட மரபு இருக்கிறது. தாயை இழக்காதவர்களும் அப்படிப் பாடியிருக்கிறார்கள். இளமை இழப்புக்கும் பிற்கால வாழ்வுக்கும் தொடர்பு தேட வேண்டுமானால், இதைவிட உறுதியான தடம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது.

வள்ளியம்மாள் பெற்ற பிள்ளைகளுள் ஒருவர் விசுவநாதன். 1898இல் அண்ணன் காசிக்குப் போனபோது அவர் சிறு குழந்தை. 1918 ஆகஸ்ட் மாதத்தில் புதுச்சேரியிலிருந்து அவருக்கு அண்ணன் எழுதிய கடிதம் ஒன்று புகழ்பெற்றது. தம்பி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததற்கு, இனி எனக்கு ஆங்கிலத்தில் எழுதாதே, உன் தமிழ் எவ்வளவு கொச்சையாக இருந்தாலும் அதைப் படிக்கவே ஆசைப்படுகிறேன் என்று அண்ணன் பதில் எழுதினார். இதை மொழிப்பற்றுக்குச் சான்றாகவே மேடைகளில் எடுத்துக்காட்டுகிறார்கள். கூட வளராத, தந்தையின் மறுமணத்தால் வாய்த்த ஒரு தம்பியிடம், இருபது ஆண்டு இடைவெளியைத் தாண்டி, வீட்டு மொழியில் என்னோடு பேசு என்று அண்ணன் கேட்கும் கடிதமாகவும் அது எனக்குப் படுகிறது. 1921 செப்டம்பரில் அண்ணன் மறைந்த பின், அந்த எழுத்துகளைத் தேடித் தொகுத்துப் பாரதி பிரசுராலயத்தின் வழியாக ஆண்டுக்கணக்கில் அச்சிட்டவர்களுள் முன்னின்றவர் அந்த விசுவநாதன்தான்.